கர்ப்பத்தில் ஹெர்பீஸ்... டாக்டரிடம் மறைக்க வேண்டாமே!

செக்கப்புக்கு வரும் கர்ப்பிணியின் ஒரு பக்கம் கணவர், இன்னொரு பக்கம் மாமியார். மயிலாப்பூரோ, அடையாறோ, இது பழகிய காட்சிதான். `அந்தரங்க உறுப்பில் எப்போதாவது கொப்புளம் வந்ததா?' என்று டாக்டர் கேட்டால், அந்த இடத்தில் எந்தப் பெண் `ஆமாம்' என்பாள்? உடன் வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்பதே பாதி சிகிச்சை.

பிறப்புறுப்பு ஹெர்பீஸ் அபூர்வ நோயல்ல. 15 முதல் 49 வயதுள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தத் தொற்று இருப்பதாக, உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. வைரஸ் நரம்பில் பதுங்கியிருக்கும். தொற்றிப் பல வருடங்கள் கழித்துக்கூட முதல் கொப்புளம் வரலாம். எனவே, அதை வைத்துத் துணையைச் சந்தேகப்படுவதில் அர்த்தமே இல்லை.

கர்ப்பத்துக்கு முன்பே ஹெர்பீஸ் இருந்தால் பயம் குறைவு. தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேரும். கடைசி மூன்று மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான் பிரசவத்தின்போது குழந்தைக்குப் பரவும் ஆபத்து அதிகம். கணவருக்கு இருந்து மனைவிக்கு இல்லையென்றால், அந்த மாதங்களில் வாய்வழி உறவு உட்பட எல்லாமே வேண்டாம்.

ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 36-வது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் மாத்திரை தருவார்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ, அது வரப்போகும் எரிச்சலோ இருந்தால் சிசேரியன். இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. மார்பில் புண் இல்லாதவரை தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால், டாக்டருக்குத் தெரிந்தால்தானே இதெல்லாம் நடக்கும்?

நோயாளியைக் குற்றவாளியாகப் பார்க்காத வைத்தியம் சென்னைக்குப் புதிதல்ல. 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பதை முதலில் கண்டறிந்த, சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமன், 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் அது இயங்கியது தி.நகரில். எச்.ஐ.வி என்றாலே பலர் விலகி நின்ற காலம் அது. அங்கே மருந்தோடு, உட்காரவைத்துப் பேசும் கவுன்சலிங்கும் கிடைத்தது. ஹெர்பீஸ் நோயாளிகளுக்கும் அதுதான் தேவை.

அரசு மருத்துவமனைகளின் `சுகவாழ்வு மையங்களில்' பால்வினைத் தொற்றுகளுக்கு ஆலோசனையும் மருந்தும் இலவசம். ஹெர்பீஸுக்குத் தருவது சிவப்பு நிற மருந்துப் பெட்டி. நேரில் போகத் தயக்கமென்றால், 1097-க்கு இலவசமாகப் பேசலாம்.

இன்னொன்று... உதட்டில் கொப்புளத்தோடு குழந்தையைப் பார்க்க வரும் உறவினர் யாராக இருந்தாலும், முத்தம் மட்டும் வேண்டாம். பச்சிளம் குழந்தைக்கு அதுவும் ஹெர்பீஸ்தான்.