மடியில் பதிவான கச்சேரிகள்

கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனின் கச்சேரிகள் இன்று இத்தனை கிடைக்கின்றன என்றால், அதற்கு இசைத்தட்டுக் கம்பெனிகளைவிட ரசிகர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அனுமதியோடும் இல்லாமலும், மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு சபாக்களில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். முதலில் ஸ்பூல், பிறகு கேசட்.

எம்.டி.ஆர். (1923–1984) அடையாறு கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியாரின் சீடர்; பின்னாளில் அங்கேயே ஆசிரியர். அடித்தொண்டைக் குரல், அவசரமே அறியாத சௌக்க காலம். விறுவிறுப்புக்குக் கைதட்டல் விழுந்த காலத்தில் பெருங்கூட்டம் சேர்க்கும் பாட்டல்ல அது. என்னைக் கேட்டால், மயிலாப்பூர் கேட்ட மிகத் துணிச்சலான பரிசோதனை இசை அதுதான்.

பழைய 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் போல. எல்.பி.யில் இருபது நிமிடம் சொச்சம். 90 நிமிடக் கேசட்டிலோ பக்கத்துக்கு 45 நிமிடம்; அவருடைய ஆலாபனைக்கு அந்த இடம் தேவைப்பட்டது. அப்போதும் நிரவல் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து டேப் தீரும். கைதேர்ந்தவர்கள் கடிகாரத்தில் ஒரு கண் வைத்து, முந்தைய உருப்படியின் கைதட்டலிலேயே பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அட்டையில் ராகம், தாளம், பக்கவாத்தியம், சபா, தேதி எல்லாம் பொடி எழுத்தில் ஏறும். அப்புறம் தி.நகர் நண்பருக்கு ஒரு பிரதி, அவரிடமிருந்து இன்னொருவருக்கு. பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கடையில் விற்ற கேசட்டும் ஒரு பூட்டை உடைத்தது. இசைத்தட்டு என்றால் பெரும்பாலும் எச்.எம்.வி.தான், கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சாகி வர வேண்டும். கேசட் பிரதியெடுக்க ஆலை வேண்டாம். சங்கீதா, ஏ.வி.எம். ஆடியோ, வாணி போன்ற நிறுவனங்கள் அப்படித்தான் கர்நாடக இசையை வீடுகளுக்குள் கொண்டுவந்தன. இதே கேசட் காலத்தில்தான், 1986இல், இளையராஜா தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹுக்கும் சமர்ப்பித்த ‘ஹவ் டு நேம் இட்’ வந்தது. சினிமாக் கதையோ பாடல் வரியோ இல்லாமல் வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பேசியது.

மியூசிக் அகாடமியின் டேக் ஒலிக்களஞ்சியத்தில் பழைய கச்சேரிகளைக் கேட்கலாம். என் கவலை பரண்மேல் கிடக்கும் டேப் பெட்டிகளைப் பற்றியது. கடல் காற்றின் ஈரத்தில் ரீலில் பூஞ்சை படரும். ஆர்வத்தில் உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். ஒட்டிய ரீல் இழுபட்டு அறுந்துபோகும். பழக்கப்பட்டவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். அட்டையையும் படமெடுத்துச் சேர்த்து வையுங்கள். மிருதங்கம் வாசித்தது யார் என்பது அதில் மட்டும்தான் இருக்கும்.