சூடு இருக்கிறது, ஈரம் போகவில்லை

தை, மாசி மாதங்களில் ரொறன்ரோத் தமிழ் வீடுகளின் பேஸ்மென்ற்றுக்குள் இறங்கினால் பெரும்பாலும் ஒரே முறைப்பாடுதான்: “ட்ரையர் ஓடுது, ஆனா உடுப்புக் காயேல்லை.” முக்கால் மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று வந்த துவாய்கள், இரண்டாம் தரம் ஓடவிட்டும் ஓரம் ஈரமாகவே வருகின்றன. வெளியே கொடி கட்டலாம் என்றால் முழங்கால் அளவு பனி. (கோடையிலும் கதை அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. ஒன்ராறியோவின் பல புறநகர்க் குடியிருப்புகளில் முற்றத்தில் கொடி கட்டக் கூடாது என்று வீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். உடுப்புக் காயப்போட்டால் தெருவின் மதிப்புக் குறைந்துவிடுமாம். 2008 இல்தான் மாகாண அரசு அந்தத் தடையைத் தூக்கியது.)

திருத்துகிறவரைக் கூப்பிட்டால் வந்து எட்டிப் பார்ப்பதற்கே நூறு டொலரை ஒட்டி எடுப்பார். பாகம், கூலி, வரி எல்லாம் வேறு. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பலர் மலிவு விற்பனை விளம்பரத் தாளை விரிக்கிறார்கள். நான் அவர்கள் கட்சி இல்லை. வீட்டிலுள்ள பெரிய இயந்திரங்களில் நாமே கைவைத்துப் பழகத் தோதானது ட்ரையர்தான். தண்ணீர் இல்லை, குளிரூட்டி வாயு இல்லை. பழைய மாதிரி என்றால் கணினிப் பலகைகூட இல்லை. அதைவிட முக்கியமானது, காயவில்லை என்று சொல்லப்படும் ட்ரையர்களில் பாதிக்கு மேல் இயந்திரத்தில் பிழையே இருப்பதில்லை என்பது திருத்துகிறவர்கள் பலரும் சொல்லும் இரகசியம்.

வட அமெரிக்க ட்ரையரின் உட்புறம் இவ்வளவுதான்: ஒரு மோட்டார், ஒரு நீண்ட பெல்ற், ஒரு தகர ட்ரம், அதைத் தாங்கும் சிறு உருளைகள், ஒரு காற்றாடி, ஒரு ஹீற்றர். மோட்டார் ஒன்றுதான், வேலை இரண்டு. தண்டின் ஒரு முனை பெல்ற்றைப் பிடித்து ட்ரம்மைச் சுழற்றும், மறுமுனை காற்றாடியை ஓட்டும். காற்றாடி அறையின் காற்றை உள்ளே இழுக்கிறது. அது ஹீற்றரைத் தொட்டுச் சூடாகி, ஈர உடுப்புக்குள்ளால் போய், தும்பு வலையைக் கடந்து, பின்பக்கக் குழாயால் வீட்டுக்கு வெளியே போகிறது. ஒரு தரம் தோய்த்த பருத்தி உடுப்பில், பிழிந்த பிறகும் இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர் நிற்கும். அது முழுவதும் அந்த நாலு அங்குலக் குழாயால்தான் போயாக வேண்டும். சூடு எவ்வளவு இருந்தாலும் காற்று நகராவிட்டால் ஈரத்துக்குப் போக வழி கிடையாது. உடுப்பு அவியும், காயாது.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததில்லை. ஒகையோ மாநிலத்து ஜோர்ஜ் சாம்ப்சன் என்ற கறுப்பின அமெரிக்கர் 1892 இல் உடுப்பு உலர்த்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். உடுப்பை அடுப்பின் அருகே தொங்கவிடும் சட்டகம் அது. சுழலும் ட்ரம்முடன் கூடிய மின்சார இயந்திரம் 1930களின் இறுதியில் கடைக்கு வந்தது. அதன் பின்னணியில் இருந்தவர் வட டகோட்டாவின் ரோஸ் மூர். அந்த ஊர்க் குளிரில் தாயார் வெளியே நின்று உடுப்புக் காயப்போடுவதைப் பார்த்துச் சகிக்காமல் தொடங்கிய வேலை என்று சொல்வார்கள். வட டகோட்டாவின் தை மாதத்தை அறிந்தவர்கள் அந்தக் கதையைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஸ்காபரோவில் நெடுங்காலமாக வீட்டுச் சாமான்கள் திருத்தும் அண்ணை ஒருவர் எனக்குத் தெரிந்தவர். காயவில்லை என்று யார் தொலைபேசியில் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, காஸா கறன்ரா என்பது. கறன்ற் என்றால் அடுத்த வசனம் மாறவே மாறாது: “பின்னால இருக்கிற பைப்பைக் கழட்டிப்போட்டுப் பத்து நிமிசம் ஓட விடுங்கோ. சுடுகாத்துப் பலமா அடிச்சால் மெசினை விடுங்கோ, பைப்பைப் பாருங்கோ.” காசு செலவில்லாத இந்தச் சோதனையை ஒருவரும் செய்வதில்லை என்பது அவருடைய மனக்குறை. காஸில் ஓடும் ட்ரையரில் இதைச் செய்யவே கூடாது. எரிந்த வாயு அதே குழாயால்தான் போகிறது, அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கும்.

குழாயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதி, ட்ரையர்க் குழாய் 35 அடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்துக்கும் அதில் 5 அடியைக் கழிக்க வேண்டும். மூன்று திருப்பம் இருந்தால் மிஞ்சுவது 20 அடிதான். குழாயின் உட்புறம் வழுவழுப்பான உலோகமாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் வெள்ளை பிளாஸ்ரிக் சுருள்குழாய் கிடந்தால் விவாதிக்காமல் கழற்றி எறியலாம். அது தீப்பற்றும், அதன் மடிப்புகளில் தும்பும் தங்கும். உலோகக் குழாயைப் பொருத்தும்போது நீளமான திருகாணியை உள்ளே நீட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முனையில் தும்பு சிக்கி, அதன்மேல் இன்னும் தும்பு சேர்ந்து அடைத்துவிடும். வெளிச்சுவரில் குழாய் முடிகிற இடத்தில் எலி வராமல் இருக்கட்டும் என்று கம்பிவலை அடிப்பதும் இதே விளைவைத்தான் தரும். அங்கே இருக்க வேண்டியது காற்றுக்குத் திறந்து மூடும் ஒரு மெல்லிய மடல் மட்டும். குளிர்காலத்தில் ஈரக்காற்றுப் பட்டு அந்த மடல் ஐஸ் கட்டி ஒட்டிக்கொள்ளும். இளவேனிலில் குருவி கூடு கட்டும். பேஸ்மென்ற்றில் நின்றுகொண்டு ஹீற்றரைச் சந்தேகிப்பதற்கு முன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பார்ப்பது நல்லது.

இன்னொரு பிரச்சினை ட்ரையரை யாரோ பின்னுக்குத் தள்ளுவது. பின்னால் விழுந்த காலுறையை எடுக்க இழுத்திருப்பார்கள், திரும்பச் சுவரோடு அணைத்து வைத்திருப்பார்கள். குழாய் நசுங்கிப்போயிருக்கும்.

தும்பு வலையைக் கழுவிப் பார்ப்பது அடுத்த வேலை. தும்பை ஒவ்வொரு முறையும் வழித்து எடுக்கிறவர்கள்கூட வலையைக் கழுவுவதில்லை. வாசனைக்காகப் போடும் ட்ரையர்த் தாளின் மெழுகு வலையின் கண்களில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டால் தெரிந்துவிடும்: தண்ணீர் வலைக்குள்ளால் ஓடாமல் தேங்கி நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கிறது. சவர்க்காரமும் பழைய பல்தூரிகையும் போதும். புதிய மாதிரிகளில் ட்ரம்முக்குள் தெரியும் இரண்டு உலோகக் கீற்றுகளிலும் இதே மெழுகு படியும். ஈரத்தை உணர்கிற உறுப்பு அவைதான். அவற்றைப் படலம் மூடிவிட்டால் இயந்திரம் ஈர உடுப்பைக் காய்ந்ததென்று நினைத்து நேரத்தோடு நின்றுவிடும். மருந்துக்கடை ஸ்பிரிற்றைப் பஞ்சில் தொட்டு ஒருமுறை துடைத்தால் சரி.

காற்றில் குறையில்லை, ஆனால் சூடே இல்லை என்றால்தான் மின்சாரத்துக்குப் போக வேண்டும். இங்கே பலரை ஏமாற்றுகிற ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டின் மற்றப் பெரும்பாலான பொருள்கள் 120 வோல்ற்றில் ஓட, ட்ரையர் 240 வோல்ற், 30 அம்பியர் இணைப்பில் ஓடுகிறது. அது இரண்டு 120 வோல்ற் கம்பிகளின் கூட்டு. மோட்டாருக்கும் விளக்குக்கும் ஒரு கம்பி போதும், ஹீற்றருக்கு இரண்டும் வேண்டும். பிரேக்கரில் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் ட்ரம் சுற்றும், விளக்கு எரியும், சூடு மட்டும் வராது. கண்ணுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். பிரேக்கரை முழுதாகக் கீழே தள்ளித் திரும்ப மேலே போட்டால் சில வீடுகளில் பழுது அத்தோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின் தகட்டைக் கழற்ற வேண்டும். பிடுங்கிவிட்டு என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். சுவிச்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். கையுறையும் வேண்டும், தகட்டின் விளிம்பு கத்தி போலிருக்கும். தேவையான கருவி இருபது டொலருக்குக் கிடைக்கும் மல்ரிமீற்றர். காற்றாடிக் கூட்டின்மேல் நகத்தளவில் ஒரு வெள்ளைத் துண்டு, இரண்டு கம்பியோடு இருக்கும். அதுதான் வெப்ப பியூஸ். பல மாதிரிகளில் இது 90 பாகை செல்சியஸை ஒட்டி ஒரேயொரு முறை அறுந்துவிடும், திரும்பச் சேராது. கம்பியைக் கழற்றி மீற்றரின் முனைகளை அதன் இரு காதிலும் வைத்தால், நல்லதென்றால் பூச்சியத்தை ஒட்டிக் காட்டும். அறுந்ததென்றால் ஒன்றுமே காட்டாது. ஹீற்றருக்கும் இதே சோதனைதான். 5,400 வாற் ஹீற்றர் என்றால் சுமார் 10 ஓம் காட்ட வேண்டும். கூடவே மீற்றரின் ஒரு முனையை ஹீற்றரின் காதிலும் மறு முனையை அதன் தகரக் கூட்டிலும் வையுங்கள். அங்கே ஏதாவது எண் காட்டினால் சுருள் தொய்ந்து கூட்டைத் தொடுகிறது என்று அர்த்தம். அது ஆபத்தான பழுது, கட்டுப்பாடில்லாமல் சூடேறும்.

பியூஸ் போயிருந்தால் புதியது வாங்கிப் போடுவது ஐந்து நிமிட வேலை. ஸ்காபரோ அண்ணை அங்கேதான் குரலை உயர்த்துவார். “பியூஸ் சும்மா போகாது. காத்து அடைச்சுச் சூடு உள்ள நிண்டபடியால்தான் போனது. பைப்பைத் துப்புரவாக்காமப் புதுசைப் போட்டால் ரெண்டு கிழமையில அதுவும் போகும்.” சிலர் அந்த இரண்டு கம்பியையும் ஒன்றாக முறுக்கி விட்டுவிடுவார்கள். ட்ரையர் ஓடும், நன்றாகச் சூடும் வரும். அடைத்த குழாய், உள்ளே காய்ந்த தும்பு, காவலுக்கு இருந்த பியூஸும் இல்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான தரவை வைத்து, ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு ட்ரையர்த் தீ விபத்துகள் நடப்பதாகக் கணித்தது. காரணங்களில் முதலாவது துப்புரவு செய்யாமை, 34 வீதம்.

எல்லாப் பழியையும் வீட்டுக்காரர்மேல் போடவும் முடியாது. பிரிட்டனில் 2004 முதல் 2015 வரை விற்ற ஹொட்பொயின்ற், இன்டெசிற் உள்ளிட்ட சில ட்ரையர் மாதிரிகளில் தும்பு ஹீற்றரில் விழக்கூடிய அமைப்புக் கோளாறு இருந்தது. 2016 ஓகஸ்டில் இலண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஓர் அடுக்குமாடி எரிந்ததற்கு அப்படியான ஒரு ட்ரையரே காரணம் என்று தீயணைப்புப் படை சொன்னது. 2019 இல் மீதமிருந்த இயந்திரங்களை மீளப்பெறும் நிலை வந்தது. ஆகவே திருகாணியில் கைவைப்பதற்கு முன் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கத்தை எடுத்து, மீளப்பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது முறை.

சத்தம் வேறு கதை. தடக் தடக் என்றால் உருளை ஓரிடத்தில் தட்டையாகிவிட்டது. கீச்சென்றால் உருளையின் அச்சு காய்ந்துவிட்டது. எந்தக் கீச்சுக்கும் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நமக்கு இரத்தத்தில் ஊறியது. இங்கே வேண்டாம். எண்ணெயில் தும்பு ஒட்டும், சூட்டில் பிசினாகும். உருளைகளைச் சோடியாக மாற்றிவிடுவதுதான் சரி.

மோட்டார் உறுமுகிறது, ட்ரம் அசையவில்லை, கையால் தள்ளினால் தடையில்லாமல் சுற்றுகிறது என்றால் பெல்ற் அறுந்துவிட்டது. (சில மாதிரிகளில் பெல்ற் அறுந்தால் மோட்டாரே கிளம்பாது, அதற்கென்று உள்ளே ஒரு சுவிச் உண்டு.) வேலையில் பிடிப்பு வருவது இங்கேதான். பல மாதிரிகளில் மேல்மூடியின் முன்விளிம்பில் தட்டையான கத்தியைச் செருகினால் இரண்டு கொளுக்கிகள் விடும். முன் தகட்டைக் கழற்றினால் ட்ரம் கைக்கு வரும். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை விரித்திருக்கும், அத்தனையும் தும்பு. அதற்குள் இரண்டு டொலர்க் குற்றி, பாடசாலைச் சட்டைப் பொத்தான், தலைக்கிளிப், எப்போதோ தொலைந்ததாக வீட்டில் சண்டை நடந்த தோட்டின் சுரை. வெற்றிட உறிஞ்சியால் எல்லாவற்றையும் இழுத்தெடுத்த பிறகு, புதிய பெல்ற்றை அதன் வரிகள் ட்ரம்மைத் தொடும்படி சுற்ற வேண்டும். பழைய பெல்ற் ஓடிய தடம் ட்ரம்மில் பளபளப்பாகத் தெரியும், அதிலேயே வைக்கலாம். பிறகு கையைக் கீழே விட்டு, வில் பூட்டிய இழுவைச் சில்லைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பெல்ற்றை அதன் கீழால் வளைத்து மோட்டார்த் தண்டில் மாட்ட வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடம், விரல்தான் பார்க்க வேண்டும். கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இந்த இடத்தில் புண்ணியம். மாட்டியதும் ட்ரம்மைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பெல்ற் முறுகாமல் நேராக ஓடினால் மட்டும் மூடலாம்.

சட்டமும் மெல்ல நாமே திருத்துகிற பக்கம் சாய்கிறது. கலிபோர்னியாவில் 2024 யூலை முதல், மொத்த விற்பனை விலை 100 டொலரும் அதற்கு மேலுமான வீட்டுச் சாதனங்களுக்குக் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்குப் பாகங்களையும் கையேட்டையும் உற்பத்தியாளர் கொடுக்க வேண்டும். கனடாவில் அதே ஆண்டு நவம்பரில், திருத்துவதற்காக மென்பொருள் பூட்டை உடைப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டம் திருத்தப்பட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குமிழைத் திருகி நேரம் வைக்கும் பழைய ட்ரையரில் உடைப்பதற்குப் பூட்டே கிடையாது. அப்படியொன்று வீட்டில் இருந்தால் அவசரப்பட்டுக் குப்பைக்குக் கொடுக்க வேண்டாம் என்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 யூலைக்குப் பிறகு சந்தைக்கு வருவன வெப்பப் பம்பில் ஓடுபவை. மின்சாரச் செலவு வெகு குறைவு, வரவேற்கிறேன். ஆனால் அவற்றின் குளிரூட்டிச் சுற்று முத்திரையிட்டது, அதில் நம் கை வைக்க முடியாது. வடிகட்டியைக் கழுவுவதோடு நம் பங்கு முடிந்துவிடும்.

காஸ் ட்ரையரில் எல்லை இன்னும் நெருக்கம். பெல்ற், உருளை, தும்பு வரை நாமே பார்க்கலாம். வால்வு, எரிகலன், காஸ்க் குழாய் மூன்றும் உரிமம் பெற்றவர் வேலை. கறன்ற் ட்ரையரிலும் மோட்டார் எரிந்துபோனால், அல்லது கட்டுப்பாட்டுப் பலகை போய் அதன் விலை புதிய இயந்திரத்தின் பாதியைத் தாண்டினால், நான் திருத்தச் சொல்ல மாட்டேன். மற்றப்படி பெல்ற், பியூஸ், உருளை, ஹீற்றர் நான்கில் ஒன்று என்றால் ஒரு சனிக்கிழமைக் காலை போதும். புதிய ட்ரையர் வாங்கினாலும் அதே பழைய குழாயில்தான் கொண்டுவந்து பூட்டுவார்கள்.