லோ பிரஷர் என்றால் என்ன?

பிரட்டுக்களத்தில் யாராவது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டால், “லோ பிரஷர்” என்று உடனே பெயர் வைத்துவிடுகிறோம். அதன் அர்த்தம் என்னவென்று இம்முறை பார்ப்போம்.

இதயம் இரத்தத்தைத் தள்ளும்போது இரத்தக்குழாய்களில் உண்டாகும் அழுத்தமே பிரஷர். கையில் பட்டி கட்டி அளந்தால் இரண்டு எண்கள் வரும். 120/80 அளவு நல்லது. 90/60க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். ஆனால் எண் குறைவது மட்டும் நோயல்ல. சிலருக்கு எப்போதுமே அப்படித்தான். தலைசுற்று, மயக்கம் எதுவுமில்லாமல் கொழுந்தெடுப்பார்கள். அவர்களுக்கு மருந்து தேவையில்லை.

எதனால் குறைகிறது?

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்பது, வயிற்றோட்டம், இரத்தப்போக்கு, பிரஷர் குளிசையைக் கூடுதலாகப் போடுவது ஆகியவற்றால் குறையலாம். கர்ப்பத்தின் முதல் மாதங்களிலும் கொஞ்சம் குறையும். சட்டென்று எழும்பும்போது கண் இருட்டினால், மெதுவாக எழும்பிப் பழகுங்கள்.

இரத்தசோகை உள்ள பெண்களுக்குப் பிரஷர் சரியாக இருந்தாலும் தலை சுற்றும். ஆகவே அளந்து பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். பக்கத்துக் காம்பராக்காரரின் குளிசையும் வேண்டாம். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய்க் காட்டுங்கள்.

மயங்கியவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். நினைவு வரும்வரை வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

கொழும்பிலுள்ள பிள்ளைகளுக்கு

நமது பிள்ளைகள் பலர் தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் கடைகளில் வேலை செய்கிறார்கள். அங்கே டெங்கு அதிகம். 2017ல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது.

டெங்குவில் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். காய்ச்சல் விட்டது, இனி சுகம்தான் என்று நினைக்கும் வேளையில்தான் பிரஷர் இறங்கும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இருந்தால் அது ஆபத்து. “வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று பஸ் ஏறக்கூடாது. தெஹிவளைக்குப் பக்கத்திலேயே களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. 1990க்கு போன் எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். டெங்குக் காய்ச்சலுக்கு அஸ்பிரின் போடவே கூடாது.

அடுத்த முறை பிள்ளைகளோடு போனில் பேசும்போது, சம்பளம் கேட்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.