முதுமை: உடல் மட்டுமா காரணம்?

மனிதன் ஏன் மூப்படைகிறான்? இக்கேள்விக்கு உயிரியல், சமூகவியல், உளவியல் ஆகிய மூன்று துறைகளும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. ஈஜோக் வட்டாரத் தோட்டப்புற முதியோரை மனத்தில் கொண்டு அவற்றைச் சற்று ஆராய்வோம்.

உயிரியல் பார்வை

ஆக்சிஜனை உடல் பயன்படுத்தும்போது உண்டாகும் நிலையற்ற மூலக்கூறுகள் உயிரணுக்களைச் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன என்றார் டென்ஹாம் ஹார்மன் (1956). மனித உயிரணு சோதனைக்கூடத்தில் ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது என்பதை லியோனார்டு ஹேஃபிளிக் 1961இல் காட்டினார். இவற்றுள் எதுவும் தனித்து முழு விடையாகாது என்பதே இன்றைய கருத்து.

சமூகவியல் பார்வை

முதியவரும் சமுதாயமும் ஒருவரையொருவர் விட்டு விலகுவது இயல்பே என்றனர் கம்மிங், ஹென்றி இருவரும் (1961). இது விலகல் கோட்பாடு. தொடர்ந்து ஈடுபாட்டுடன் இருப்பவரே நலமாக வாழ்வார் என்றது ஹேவிகர்ஸ்டின் செயல்பாட்டுக் கோட்பாடு. பழகிய வாழ்க்கைமுறை அறுபடாமல் தொடர வேண்டும் என்றது அட்ச்லியின் தொடர்ச்சிக் கோட்பாடு.

நம் தோட்டங்களில் நடந்தது என்ன? விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்கள், பின்னர் செம்பனைக் காட்டில் உழைத்தவர்கள், 55 வயதில் ஓய்வு பெற்றார்கள். (தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது 2013 ஜூலையில்தான்.) வீடு தோட்ட நிர்வாகத்திற்குச் சொந்தம். பிள்ளைகளில் ஒருவராவது அங்கு வேலை செய்யாவிட்டால் வேலையோடு வீடும் போனது. கோயில், மளிகைக் கடை, அண்டை வீட்டு உறவு யாவும் பின்தங்கின. பட்டணத்து அடுக்குமாடியில் கதவடைத்து அமர்ந்திருக்கும் தாத்தா, தாமாக விலகியவர் அல்லர், விலக்கப்பட்டவர். இந்த வேறுபாட்டை விலகல் கோட்பாடு காணத் தவறியது எனலாம்.

உளவியல் பார்வை

வாழ்வின் இறுதிக் கட்டத்தில் மனநிறைவுக்கும் விரக்திக்கும் இடையே போராட்டம் நிகழ்கிறது என்றார் எரிக் எரிக்சன். கடந்த காலத்தை அசைபோடுவது வீண் புலம்பல் அன்று, வாழ்வைச் சீர்தூக்கிப் பார்க்கும் மனத்தின் பணியே என 1963இல் விளக்கினார் ராபர்ட் பட்லர்.

ஆகவே மாணவர்களே, உயிரணுக்களின் கடிகாரத்தை நம்மால் நிறுத்த இயலாது. ஆனால் அறுபட்ட தொடர்ச்சியைக் கொஞ்சமாவது ஒட்டவைக்கலாம். அடுத்த விடுமுறையில் பாட்டியின் அருகில் அமர்ந்து, "பழைய தோட்டத்தில் நம் வீடு எந்தப் பக்கம் இருந்தது பாட்டி?" என்று கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள்.