உஷார்! இன்டர்வியூவில் ஒருவர், வேலைக்கு வருபவர் வேறொருவர்

ஆன்லைன் இன்டர்வியூவிலேயே ஆள் எடுத்துவிடுகிற கம்பெனியா உங்களுடையது? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். திரையில் தடதடவெனப் பதில் சொன்னவரும், ஒன்றாம் தேதி பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பவரும் ஒரே ஆள்தானா என்று யாராவது பார்க்கிறீர்களா? 2019-ல் தேனி மருத்துவக் கல்லூரியில் வெளிச்சத்துக்கு வந்த நீட் ஆள் மாறாட்டத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அதே வித்தை இப்போது ஹெச்.ஆர். அறைக்குள் புகுந்திருக்கிறது.

பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கும் 'நோபீஃபோர்', சைபர் மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி என்று மற்ற கம்பெனிகளுக்குப் பாடம் எடுக்கும் நிறுவனம். 2024-ல் அது ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயரை எடுத்தது. நான்கு வீடியோ இன்டர்வியூ நடந்தது. பின்னணிச் சரிபார்ப்பிலும் ஒரு குறையும் இல்லை. காரணம், அவர் காட்டியது ஒரு நிஜ அமெரிக்கரிடமிருந்து திருடிய அடையாளம். புகைப்படம் ஏ.ஐ. வைத்துத் திருத்தியது. அனுப்பிய லேப்டாப் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதில் மால்வேர் ஏற ஆரம்பித்தது. அரை மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து முடக்கியதால் தப்பித்தார்கள். ஆசாமி வட கொரியாக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது.

நம் ஊரில் இதற்கு வட கொரியாவெல்லாம் வேண்டாம். 'ப்ராக்ஸி' என்று சொன்னாலே ஐ.டி. வட்டாரத்தில் புரிந்துகொள்வார்கள். அனுபவசாலி ஒருவர் காசு வாங்கிக்கொண்டு இன்டர்வியூ கொடுப்பார், வேலையில் சேர்வது வேறு ஆள். இல்லையென்றால் கேமராவில் தெரிபவர் வாயை மட்டும் அசைப்பார், குரல் பக்கத்திலிருந்து வரும். இப்போது அந்தப் பக்கத்து ஆள்கூடத் தேவையில்லை. நீங்கள் கேட்கும் கேள்வியைக் கேட்டு, பதிலைத் திரையில் எழுதிக் காட்டும் ஏ.ஐ. செயலிகள் வந்துவிட்டன.

மோசடிக்காரர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பது நம் அவசரம்தான். ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ப்ராஜெக்டோ அடுத்த திங்கட்கிழமை ஆரம்பம். அந்த நேரம் பார்த்து ஒருவர் "நாளைக்கே ஜாயின் பண்றேன் சார்" என்றால், கேட்கிற மேனேஜருக்குப் பாதி கேள்வி மறந்துவிடுகிறது. சம்பளத்திலும் பேரம் இல்லை என்றால் மீதியும் மறந்துவிடும். அந்த இடத்தில்தான் பிரேக் போட வேண்டும்.

பார்க்க வேண்டியது பதிலை அல்ல, பதில் வரும் விதத்தை. எந்தக் கேள்விக்கும் ஒரே அளவு இடைவெளி விட்டு, எழுதி வைத்ததுபோல் பதில் வருகிறதா? கண் ஒரே வரிசையில் இடமிருந்து வலமாக ஓடுகிறதா? "இதை ஏன் எடுத்தீங்க, அதை ஏன் விட்டீங்க?" என்று குறுக்கே கேளுங்கள். அவர் செய்ததாகச் சொல்லும் ப்ராஜெக்ட் சொதப்பிய நாளைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். செய்தவருக்குத் திட்டு வாங்கியது முதற்கொண்டு ஞாபகம் இருக்கும். முகமே ஏ.ஐ. ஒட்டிய போலியோ என்று சந்தேகமா? உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். விடாக் செக்யூரிட்டி என்ற நிறுவனம் இதைத்தான் கேட்டது. அந்த 'விண்ணப்பதாரர்' மறுத்துவிட்டார். ஆனாலும் தொழில்நுட்பம் வளர வளர இந்தச் சோதனையையும் தாண்டிவிடுவார்கள், இதை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்து, அனுபவச் சான்றிதழ். போலி கம்பெனிகளின் பெயரில் சான்றிதழ் காட்டிச் சேர்ந்தவர்களை 2022-ல் அக்செஞ்சர் இந்தியாவே வெளியே அனுப்பியது. லெட்டர்ஹெட்டில் அச்சடித்திருக்கும் நம்பருக்கு ஃபோன் போட்டால் 'ஆமாம் சார், நல்ல பையன்' என்றுதான் பதில் வரும். கம்பெனியின் நம்பரை நீங்களே தேடி எடுங்கள். பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியை அவர் லாகின் செய்து உங்கள் கண்முன் திறந்து காட்டட்டும். 20 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களுக்கு பி.எஃப். கட்டாயமில்லை. அங்கிருந்து வருபவரிடம் அது இல்லை என்பதற்காகத் திருடன் என்று முடிவு கட்டாதீர்கள்.

பதற்றத்தில் கண் அலைபாயும் பையனும் இருப்பான். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரிலிருந்து பேசும் பெண்ணும் இருப்பாள். அவர்களைச் சந்தேகப்பட்டு ஒதுக்குவதைவிட, பஸ் சார்ஜ் கொடுத்து ஒருமுறை நேரில் வரவழையுங்கள். கூகுளின் சுந்தர் பிச்சையே, ஒரு சுற்றாவது நேரில் நடத்தப்போவதாக 2025-ல் சொன்னார். கூகுளுக்கே அந்தப் பாடு! ஒரிஜினல் சான்றிதழ்களைப் பார்த்த கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பீரோவில் பூட்டி வைக்கும் வேலை வேண்டாம்.

முன்கூட்டியே சொல்லிவிட்டு இன்டர்வியூவைப் பதிவு செய்யுங்கள். சேரும் நாளில் அந்த முகத்தையும் வந்த முகத்தையும் ஒப்பிட்ட பிறகே லேப்டாப், பாஸ்வேர்டு எல்லாம். மாட்டினால் ஐ.டி. சட்டம் 66டி பிரிவு இருக்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்று சத்தமில்லாமல் வெளியே அனுப்பினால், அதே ஆள் அடுத்த வாரம் பக்கத்து பில்டிங்கில் ரெஸ்யூமே கொடுத்துக்கொண்டிருப்பார்.