டி செல்லுக்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

மைக்ரோஸ்கோப் தயார். தட்டில் இருப்பவை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள். உள்ளே என்ஃபாட் என்ற புரதத்தோடு பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றை இணைத்திருக்கிறார்கள். பெரிய கரு இருட்டாக இருக்கிறது, அதைச் சுற்றி மெல்லிய பச்சை வளையம். இப்போது கால்சியத்தை உள்ளே ஏற்றிவிடும் அயனோமைசின் ஒரு சொட்டு. பார்த்துக்கொண்டே இருங்கள்... சில நிமிடத்தில் பச்சை முழுக்கக் கருவுக்குள் பாய்ந்துவிட்டது! எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது.

கால்சியம் வந்ததும் கால்சிநியூரின் என்ற நொதி விழித்துக்கொள்கிறது. என்ஃபாட் மேலிருக்கும் பாஸ்பேட்டுகளை அது கழற்றிவிட, என்ஃபாட் கருவுக்குள் போய் இன்டர்லூக்கின்-2 மரபணுவை முடுக்குகிறது. அந்த மரபணு தரும் தூதுப் புரதம் சுரந்தால் டி செல்கள் மளமளவென்று பெருகும். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுப்பதற்குப் பின்னால் இந்தப் பெருக்கமும் இருக்கிறது.

அடுத்த தட்டில், இந்த மறுப்பைத் தடுக்கும் மருந்தான சைக்ளோஸ்போரினை முன்கூட்டியே கலந்தாயிற்று. அதே சொட்டு, அதே கால்சியம். பச்சை அசையவே இல்லை!

இதில் என்னைத் துள்ளவைக்கும் சங்கதி வேறு. சைக்ளோஸ்போரின் தனியாளாக கால்சிநியூரினை ஒன்றும் செய்யாது. செல்லிலேயே இருக்கும் சைக்ளோஃபிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, வீட்டு ஆளையே கையில் போட்டுக்கொள்கிற மாதிரி! பிறகு ஜோடியாகப் போய் நொதியை மடக்குகிறது. சைக்ளோஸ்போரினை நார்வேயின் ஹார்டாங்கர்விடா மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சை தயாரிக்கிறது. அதே வேலையைச் செய்யும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸோ ஜப்பானின் சுகுபா மண்ணில் வாழும் பாக்டீரியா தருவது. வடிவம் வேறு, கூட்டாளியும் வேறு: எஃப்கேபிபி-12. ஆனால் இரண்டு ஜோடிகளும் போய் மடக்குவது ஒரே கால்சிநியூரினை! ஸ்டூவர்ட் ஷ்ரைபரும் சகாக்களும் 1991-ல் இதைக் காட்டினார்கள். உலகின் இரு மூலைகளில் இரண்டு நுண்ணுயிர்கள் ஒரே பூட்டைக் கண்டுபிடித்திருக்கின்றன என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

இதோடு முடியவில்லை. ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்த ராபமைசின் என்ற மருந்தும் எஃப்கேபிபி-12-ஐத்தான் பிடிக்கிறது. அந்த ஜோடியோ கால்சிநியூரின் பக்கம் திரும்புவதேயில்லை, எம்-டோர் என்ற நொதியை அடைக்கிறது. இன்டர்லூக்கின்-2 சுரக்கும், செல்லின் மேலிருக்கும் தன் ஏற்பியையும் தொடும், ஆனாலும் செல் பெருகாது.

அப்படியானால் ராபமைசினையும் டாக்ரோலிமஸையும் ஒரே தட்டில் விட்டால்? ராபமைசின் மிதமிஞ்சி இருந்தால் கூட்டாளிகளையெல்லாம் வளைத்துப்போட்டு, டாக்ரோலிமஸின் தடையையே உடைத்துவிடுகிறது! நோயாளிக்குத் தரும் அளவில் இந்தப் போட்டி எழுவதில்லை. செல்லில் எஃப்கேபிபி-12 தாராளமாக இருப்பதால் இரண்டையும் சேர்த்தே கொடுக்க முடிகிறது.