வெறியாட்டும் இறைவாக்கும்

தெய்வமேறப் பெற்றார் மொழியைப் பண்டையோர் ஆராயாது ஏற்றனர் என்பர் சிலர். சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. கி.மு. 18ஆம் நூற்றாண்டில், யூப்பிரத்தீசு ஆற்றங்கரை மாரி நகர வேந்தன் சிம்ரிலிமுக்கு இறைவாக்கை எழுதி விடுத்த அலுவலர், உரைத்தாரது மயிரையும் ஆடை விளிம்பையும் பலகால் உடன் அனுப்பினர். அவற்றைக்கொண்டு நிமித்தம் பார்த்து வாக்கின் மெய்ம்மை தேர்ந்தனர். இசுரவேலரின் உபாகமமோ, நிறைவேறாத வாக்கு இறைவனதன்று என விதித்தது.

சங்க அகப்பாடல்களில், தலைவியின் மெலிவு முருகனால் வந்ததென்பான் வேலன். தலைவனே காரணம் என்பதறிந்த தோழி வெறி விலக்குவாள். மாரியில் நிமித்தமும் இசுரவேலில் காலமும் செய்த சோதனையை ஈண்டுத் தோழியின் அறிவு செய்கின்றது. ஆதலின், உ. வே. சாமிநாதையர் 1937இல் சென்னையில் பதிப்பித்த குறுந்தொகையின் வெறிப்பாடல்களை மூடநம்பிக்கைக்குச் சான்றாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது என்பது எம் துணிபு.